பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி: 'நேற்று' என்று எழுதி நான் மாட்டிக்கொண்ட கதையோடு

ஒரு திங்கட்கிழமை மதியம் என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று தட்டிவிட்டு நின்றது. பெரிய பதற்றம் ஒன்றும் இல்லை எனக்கு. தினமும் மதியம் ஒன்றரைக்குத் தானாக ஓடுகிற பேக்கப் ஸ்கிரிப்ட் இருந்தது, அன்றைக்கும் ஓடி முடித்திருந்தது. புது டிஸ்க் வாங்கிப் போட்டு, எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்து, சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து திருத்தின கும்பாபிஷேக மலரைத் திறந்தால் ஒரு திருத்தம்கூட இல்லை. வெள்ளிக்கிழமை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. நாற்பது பக்கம் புரூஃப் திருத்தம், உபயதாரர் பெயர்கள் வேறு.

ஸ்கிரிப்ட் சொன்னதைச் செய்தது, நான்தான் தப்பாகச் சொல்லியிருந்தேன். 'கடந்த 24 மணி நேரத்தில் மாறிய ஃபைல்களை எடு' என்று எழுதி வைத்திருந்தேன். சனிக்கிழமை ஒன்றரைக்கு அது ஓடியது. நான் திருத்தியது அதற்குப் பிறகு, ராத்திரி ஏழு மணிக்கு. ஞாயிறு கடை லீவு, கம்ப்யூட்டர் ஆனே ஆகவில்லை. திங்கள் ஒன்றரைக்கு ஓடியபோது ஞாயிறு ஒன்றரை வரைக்கும்தான் பின்னால் திரும்பிப் பார்த்தது. சனிக்கிழமை ராத்திரி அந்த இடைவெளியில் விழுந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கிற பல பேக்கப் ஸ்கிரிப்ட்களில் இதே ஓட்டை இருக்கிறது. ராப்பகலாக ஓடுகிற சர்வருக்கு அது போதும். லீவு நாள், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, ஊருக்குப் போன நாள் என்று அணைந்து அணைந்து எரிகிற நம் கம்ப்யூட்டருக்குப் போதாது.

ஆகவே 'சமீபத்திய ஃபைல்' என்றால் 'கடைசியாக வெற்றிகரமாக பேக்கப் எடுத்த பிறகு மாறிய ஃபைல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருகிற ஸ்கிரிப்ட் முழுக்க இந்த ஒரு வரிக்காகத்தான்.

நான் லினக்ஸில் பாஷ் ஸ்கிரிப்டாக, அதாவது டெர்மினலில் அடிக்கிற கட்டளைகளை வரிசையாக வைத்த ஃபைலாக எழுதுகிறேன், விண்டோஸ்காரர்களுக்குப் பின்னால் ஒரு பத்தி இருக்கிறது. கட்டளைகளின் பெயரை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் மேன் என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு அந்தக் கட்டளையின் பெயரை அடியுங்கள், முழு விவரமும் வரும்.

முதலில் பேக்கப் டிஸ்க். லினக்ஸில் மட்டுமே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அதை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். கடையில் வாங்கும்போது பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் ஆக வரும். ஃபேட்32-ல் 4 ஜிபி அளவுள்ள ஒரு தனி ஃபைல் நுழையாது, நேரத்தை இரண்டிரண்டு விநாடியாகத்தான் குறித்துவைக்கும், லினக்ஸின் உரிமையாளர், அனுமதி விவரங்களுக்கு அதில் இடமே கிடையாது. எக்ஸ்ஃபேட்டில் அளவுத் தொல்லை இல்லை, ஆனால் அனுமதி விஷயத்தில் அதுவும் இதே கதைதான். வேறு வழியில்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம், என்ன மாற்ற வேண்டும் என்று அந்த இடத்தில் சொல்கிறேன்.

டிஸ்கில் ஒரு காலி ஃபைல் உருவாக்குங்கள், பெயர் என்னவாகவும் இருக்கட்டும், நான் 'முத்திரை' என்று வைத்திருக்கிறேன். டச் என்ற கட்டளை காலி ஃபைல் உருவாக்கும். அதோடு -டி கொடுத்து 1970-01-01 என்று தேதி போட்டால் அந்த ஃபைல் 1970-ல் கடைசியாக மாறியது போல ஆகிவிடும். இது ஒரே ஒரு தடவை கையால் செய்ய வேண்டிய வேலை. முதல் தடவை ஸ்கிரிப்ட் ஓடும்போது உங்களுடைய எல்லா ஃபைலும் 1970-ஐவிடப் புதியதாக இருக்கும், எல்லாமே நகலாகிவிடும். முத்திரையைக் கம்ப்யூட்டரில் வைக்காமல் பேக்கப் டிஸ்கிலேயே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்று மாற்றி மாற்றிச் செருகினால், ஒவ்வொன்றும் தனக்குக் கடைசியாக எப்போது பேக்கப் கிடைத்தது என்பதைத் தானே ஞாபகம் வைத்திருக்கும்.

சரி, ஸ்கிரிப்டுக்கு வருவோம். டெக்ஸ்ட் எடிட்டரில் புது ஃபைல் திறந்து முதல் வரியில் ஹேஷ் குறி, ஆச்சரியக்குறி, அப்புறம் /பின்/பாஷ். இரண்டாம் வரி: செட் -இயு -ஓ பைப்ஃபெயில். புதிதாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டாம் வரியைத் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். இ இருந்தால் ஏதாவது ஒரு கட்டளை தோற்ற உடனே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். யு இருந்தால் மதிப்பு கொடுக்காத மாறியை (ஒரு மதிப்புக்கு நாம் வைக்கிற பெயர்தான் மாறி) பயன்படுத்தினால் நிற்கும். பைப்ஃபெயில் என்பது குழாயில், அதாவது ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி செங்குத்துக் கோட்டால் இணைத்த இரண்டு கட்டளைகளில் முதலாவது தோற்றாலும் தோல்வி என்றே கணக்கில் எடுக்கும். மாறியில் எழுத்துப்பிழை விட்டு அது காலியாகிப் போவது சின்ன விஷயம் மாதிரி தெரியும். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஒரு பிரபல கேம் மென்பொருளின் ஸ்கிரிப்டில், ஃபோல்டர் பெயர் வர வேண்டிய மாறி காலியாகிப் போய், அழிக்கும் கட்டளை அந்த ஃபோல்டருக்குப் பதிலாக வேரிலிருந்தே அழிக்க ஆரம்பித்துவிட்டது. அவர்களுக்கே அப்படி.

அடுத்து மூன்று மாறிகள். பேக்கப் டிஸ்கின் பாதை ஒன்று, முத்திரையின் பாதை ஒன்று, இன்றைய நகல் போக வேண்டிய ஃபோல்டர் ஒன்று. மூன்றாவதன் பெயரை டேட் கட்டளையிடமிருந்து வாங்கலாம்: கூட்டல் குறி, சதவீதக் குறியோடு பெரிய எஃப் கொடுத்தால் 2025-01-31 என்கிற வடிவத்தில் தேதி வரும், பெயர் வரிசையில் அடுக்கினாலே தேதி வரிசையிலும் நிற்கும். கூடவே மணி நிமிடமும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரே நாளில் இரண்டு தடவை ஓடினால் முதல் நகலின் மேல் இரண்டாவது ஏறிவிடும். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவில் முக்காற்புள்ளி மட்டும் வேண்டாம், ஃபேட்32-ம் எக்ஸ்ஃபேட்டும் அந்தப் பெயரை ஏற்காது. மாறியின் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்டால், பாஷ் விடாது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். எங்கே அந்த மாறியைப் பயன்படுத்தினாலும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள்.

இப்போது டிஸ்க் உண்மையிலேயே செருகியிருக்கிறதா என்று பார்க்கிற வரி. மவுண்ட்பாயிண்ட் -க்யூ என்று அடித்து டிஸ்கின் பாதையைக் கொடுங்கள். செருகியிருந்தால் வெற்றி, இல்லையென்றால் தோல்வி, தோற்றால் இ காரணமாக ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். இந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? டிஸ்கைச் செருக மறந்திருப்பீர்கள், ஆனால் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டர் கம்ப்யூட்டரில் கிடக்கும், ஸ்கிரிப்ட் சமர்த்தாக அதற்குள் நகல் எடுத்து வைக்கும். அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே கம்ப்யூட்டரின் பேக்கப். டிஸ்க் போகிற அன்றைக்கு அதுவும் சேர்ந்து போகும்.

அப்புறம் சிடி கட்டளையால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் போங்கள். அதற்கடுத்த வரியில் டச் கட்டளையால் 'புதுமுத்திரை' என்று இன்னொரு காலி ஃபைலை டிஸ்கில் உருவாக்குங்கள், இதற்கு இப்போதைய நேரம் விழும். நகல் எடுத்து முடித்த பிறகு முத்திரை குத்தினால் ஆகாதா என்றால், ஆகாது. நகல் ஓட ஐந்து நிமிடம் ஆகிறது, அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் ஒரு ஃபைலை சேவ் செய்கிறீர்கள், அது ஏற்கெனவே நகலாகி முடிந்த ஃபைல். முத்திரை கடைசியில் விழுந்தால் அந்த சேவ் முத்திரைக்கு முந்தியது என்று ஆகி, அடுத்த தடவையும் விட்டுப்போகும். தொடக்கத்திலேயே நேரத்தைக் குறித்துக்கொண்டால் அதிகபட்சம் அந்த ஃபைல் இரண்டு தடவை நகலாகும், அவ்வளவுதான்.

அடுத்ததுதான் முக்கியமான வரி. ஃபைல்களைத் தேடித் தரும் ஃபைண்ட் என்று ஆரம்பித்து வேலை ஃபோல்டரின் (ஹோமுக்குள் உங்கள் வேலைகளை வைத்திருக்கிற ஃபோல்டர்) பெயர், பிறகு -டைப் எஃப், அதாவது ஃபைல்கள் மட்டும். பிறகு -சிநியூயர் போட்டு முத்திரையின் பாதை. கடைசியில் -ப்ரிண்ட்0, இதில் பூஜ்யம் உண்டு. இந்த முழுக் கட்டளையின் வெளியீட்டையும் செங்குத்துக் கோட்டால், நகல் எடுக்கும் ஆர்சிங்க் கட்டளைக்குக் கொடுக்கிறோம்: ஆர்சிங்க் -ஏ, --ஃப்ரம்0, --ஃபைல்ஸ்-ஃப்ரம் சமக்குறி ஒரு கோடு, பிறகு ஒரு புள்ளி, பிறகு இன்றைய ஃபோல்டர். அந்த ஒற்றைக் கோட்டுக்கு 'பட்டியல் குழாய் வழியாக வருகிறது' என்று அர்த்தம், புள்ளிக்கு 'இப்போது நிற்கிற இடத்திலிருந்து' என்று அர்த்தம். எக்ஸ்ஃபேட், ஃபேட்32 டிஸ்க் வைத்திருப்பவர்கள் -ஏ-க்குப் பதிலாக -ஆர்டி போடுங்கள், இல்லையென்றால் குரூப்பை மாற்ற முடியவில்லை என்று புலம்பித் தோல்வி என்று முடியும்.

பூஜ்யம் எதற்கு என்றால், ஃபைல் பெயரில் இடைவெளி மட்டுமல்ல, புது வரிகூட வரலாம். 'மலர் கடைசி பிரதி (2).ஓடிடி' என்று பெயர் வைக்காத ஆளைக் காட்டுங்கள். பாதையோடு சேர்ந்த பெயருக்குள் வரவே முடியாத ஒரே குறி பூஜ்ய பைட், ஆகவே பெயர்களை அதை வைத்தே பிரிக்கிறோம்.

நியூயர் என்றே ஒரு விருப்பம் இருக்கும்போது முன்னால் ஒரு சி ஒட்டிய சிநியூயர் ஏன் என்று கேட்பீர்கள். வெறும் நியூயர், ஃபைலின் உள்ளடக்கம் மாறிய நேரத்தைப் பார்க்கிறது. வாடிக்கையாளர் கொடுத்த பென் டிரைவிலிருந்து போன வருடத்துப் படங்களை நகல் எடுக்கிறீர்கள், அல்லது ஒரு ஜிப்பை விரிக்கிறீர்கள் என்றால், பல நேரம் பழைய தேதி அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். உங்களுக்கு அது இன்று வந்த ஃபைல், தேதியோ போன வருடம், நியூயர் கண்டுகொள்ளாது. சி போட்டால் ஃபைலின் நிலை மாறிய நேரத்தைப் பார்க்கும். உங்கள் டிஸ்கில் அந்த ஃபைல் உருவான கணத்தில் அது பதிவாகிவிடும், அதை டச் கட்டளையால்கூட பின்னுக்குத் தள்ள முடியாது. கூடுதலாகச் சில ஃபைல்கள் நகலாகும், ஆகட்டும்.

இதுவும் நூறு சதவீதம் இல்லை. அதே டிஸ்கில் வேறு இடத்தில் இருக்கிற ஒரு ஃபோல்டரை அப்படியே வேலை ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டால், உள்ளே இருக்கிற ஃபைல்களுக்கு எதுவும் ஆனதாகக் கணக்கில்லை, சிநியூயருக்கும் தெரியாது. இதற்காகத்தான் வாரம் ஒரு தடவை முழு நகல் வேண்டும், சற்றுப் பிறகு வருகிறேன்.

கடைசி வரி: எம்வி கட்டளையால் புதுமுத்திரையை முத்திரையின் மேல் நகர்த்துங்கள். மேலே ஏதாவது தோற்றிருந்தால் ஸ்கிரிப்ட் இங்கே வந்தே சேராது, பழைய முத்திரை அப்படியே இருக்கும், அடுத்த தடவை விட்ட இடத்திலிருந்து எல்லாம் எடுக்கும். மூன்று நாள் மின்தடையோ பத்து நாள் ஊரோ, இடைவெளி விழாது. சேமித்துவிட்டு சிஎச்மோட் +எக்ஸ் கொடுத்தால் ஸ்கிரிப்ட் ஓடத் தயார். ஒரு தற்காலிக ஃபைல் பட்டியலில் வந்து, நகல் எடுப்பதற்குள் அழிந்துபோனால் ஆர்சிங்க் 23 என்ற எண்ணோடு தோல்வி சொல்லும். அடிக்கடி இப்படி ஆனால் --இக்னோர்-மிஸ்ஸிங்-ஆர்க்ஸ் என்று சேர்த்துவிடுங்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கிறவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். இஎக்ஸ்டி4-ல் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், 'தி' என்றால் த ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக 6 பைட். கணக்குப் போட்டால் 85 குறியீடு, படிக்கிற எழுத்தாக எண்ணினால் சுமார் ஐம்பதுதான் தேறும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டாக எண்ணாமல் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே இதைவிட நீளமான தமிழ்ப் பெயர் இருக்க முடியும், இங்கே கொண்டுவரும்போது பெயர் மிக நீளம் என்று மறுக்கப்படும். அழைப்பிதழின் தலைப்பு முழுவதையும் ஃபைலுக்குப் பெயராக வைக்கிற பழக்கத்தை நான் விட்டது இதனால்தான். இரண்டாவது, தானாக ஓடும்போது எழுதப்படுகிற லாகில் (என்ன நடந்தது என்று குறித்துவைக்கும் ஃபைல்) தமிழ்ப் பெயர்கள் எல்லாம் \#340\#256 என்று எண்களாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், டிஸ்கில் பெயர் சரியாகத்தான் இருக்கும். தானாக ஓடுகிற சூழலில் மொழி அமைப்பு இல்லாததால் ஆர்சிங்க் அப்படிக் காட்டுகிறது. -8 என்று ஒரு விருப்பம் சேர்த்தால் லாகிலும் தமிழ் வந்துவிடும்.

தானாக ஓட, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற கிரான். கிரான்டேப் -இ என்று அடித்தால் ஒரு பட்டியல் திறக்கும், அதில் 30 13 * * * என்று எழுதி ஸ்கிரிப்டின் முழுப் பாதையைப் போடுங்கள். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்பது வரிசை. இதைப் படிக்கிறவர்கள் பலர் ராத்திரி இரண்டு மணி என்று போடுவார்கள், அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தூங்கும், கிரான் தவறின வேலையைத் திரும்பிப் பார்க்காது. சாப்பாட்டு நேரமே சரி. இன்னொன்று, கிரான்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே தேதி சமாச்சாரத்தை எல்லாம் ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுதி அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் உண்டு.

வெளியீட்டை ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பி, வாரம் ஒரு தடவையாவது அதைத் திறந்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினமும் ஓடிக்கொண்டிருந்ததாக நினைத்த பேக்கப், டேட்டாபேஸின் பதிப்பும் பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்கிற மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரால் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு நகல் இருந்ததால் தப்பித்தார்கள். இதை அவர்களே விரிவாக வெளியே சொன்னார்கள், அதற்கு ஒரு மனசு வேண்டும். நான் அதற்குப் பிறகு ஸ்கிரிப்டின் கடைசியில் 'முடிந்தது' என்று தேதியோடு ஒரு வரி லாகில் எழுதச் சேர்த்தேன். அந்தச் சொல் இல்லாத நாள் பேக்கப் இல்லாத நாள்.

வாராந்திர முழு நகல் என்றேனே, அது ஒரே வரி: ஆர்சிங்க் -ஏ, வேலை ஃபோல்டர், டிஸ்கில் 'முழு' என்று ஒரு ஃபோல்டர். --டெலீட் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் இங்கே தெரியாமல் அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். முதல் தடவை -என்வி போட்டு ஒத்திகை பாருங்கள், எதையும் எழுதாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும். இந்த முழு நகல் இல்லாமல், இடம் போதவில்லை என்று பழைய தேதி ஃபோல்டர்களை அழித்துவிடாதீர்கள். ஆறு மாதமாக நீங்கள் தொடாத ஒரு ஃபைலின் ஒரே நகல் அந்தப் பழைய ஃபோல்டரில்தான் இருக்கும். முழு நகல் ஒழுங்காக ஓடிய பிறகு அழித்தால் பழைய வடிவங்கள் மட்டும்தான் போகும்.

விண்டோஸில் இவ்வளவு வேலை இல்லை. நகல் எடுக்கும் ரோபோகாப்பி அதிலேயே இருக்கிறது. ஒரு நாளுக்குள் மாறியதை மட்டும் எடுக்கும் /மேக்ஸ்ஏஜ்:1 போடச் சொல்லி நிறைய பேர் சொல்வார்கள், அது என்னுடைய பழைய தப்பேதான். /எம் போடுங்கள், உள் ஃபோல்டர்களுக்காக /இ-யும். டாஸ் காலத்திலிருந்தே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஆர்க்கைவ் என்று ஒரு கொடி உண்டு, ஃபைல் மாறினால் அது ஏறும்; /எம் கொடி ஏறிய ஃபைல்களை மட்டும் நகல் எடுத்துக் கொடியை இறக்கிவிடும். நம் முத்திரையின் வேலையை ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகச் செய்கிறது. வேறொரு பேக்கப் மென்பொருளும் அதே கொடியை இறக்கினால் இரண்டும் மோதிக்கொள்ளும், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றிச் செருகும் இரண்டு டிஸ்குக்கும் இதே காரணத்தால் இது ஒத்துவராது. /மிர் என்பது கண்ணாடி மாதிரி, மூலத்தில் இல்லாததை பேக்கப்பிலும் அழிக்கும், புரியாமல் தொடாதீர்கள். ரோபோகாப்பி 1 என்ற எண்ணோடு முடிந்தால் பிழை என்று நினைக்காதீர்கள், நகல் எடுத்தேன் என்று அர்த்தம். 8-ம் அதற்கு மேலும் வந்தால்தான் தோல்வி. டாஸ்க் ஷெட்யூலரில் சேர்க்கும்போது, தவறிப்போன நேரத்தைக் கிடைத்த நேரத்தில் ஓட்டச் சொல்கிற ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வேறொரு கம்ப்யூட்டரில் பேக்கப் டிஸ்கைச் செருகி நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். நான் அப்படிப் பார்த்த அன்று மலர் திறந்தது, ஆனால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. பழைய பக்கங்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இருப்பதோ வேலை ஃபோல்டருக்கு வெளியே, ஹோமுக்குள் .லோக்கல்/ஷேர்/ஃபாண்ட்ஸ் என்ற மறைந்த ஃபோல்டரில். ஃபைண்டில் வேலை ஃபோல்டருக்குப் பக்கத்தில் இடைவெளி விட்டு இந்தப் பாதையையும் சேர்த்தேன், ஃபைண்ட் எத்தனை ஃபோல்டர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஓட்டிப் பார்த்தால் ஒரு எழுத்துருகூட நகலாகவில்லை. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு அப்புறம்தான் புரிந்தது: எழுத்துருக்கள் எல்லாம் முத்திரைக்கு முந்தியவை. புதிதாக ஒரு ஃபோல்டரைச் சேர்க்கிற அன்று மட்டும் முத்திரையைத் திரும்ப 1970-க்குக் கொண்டுபோய்விட வேண்டும்.